வீட்டுக்குள் பேசிய பேச்சு

மங்கையர்க்கரசிக்குக் கூட்டம் என்றால் உயிர். கட்சிக் கூட்டமோ, கோயில் கூட்டமோ, தண்ணீர் வரவில்லை என்று காலிக் குடத்தோடு ரோட்டில் உட்காருகிற கூட்டமோ, எதுவானாலும் முதல் வரிசையில் அவள் இருப்பாள். சற்று நேரத்தில் மைக் அவள் கைக்கு வந்துவிடும். வந்தால் லேசில் திரும்பாது. அவள் கணவன் பெயர் அஞ்சாப்புலி. அவன் வீட்டில் அஞ்சாமல் இருந்த நாள் குறைவு என்று அவர்கள் குடியிருக்கும் கீழத்தெருவே கேலி பேசும். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அப்படிப்பட்டவள், ஒரு புரட்டாசிப் புழுக்கத்தில், ஊரே திரண்டிருந்த புயல் பாதுகாப்பு மையத்து மண்டபத்தில், வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்துபோனாள். அவளை அப்படி உட்கார வைத்தது அவளுடைய குரலேதான். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

வெள்ளாத்துமுனை ஆறும் கடலும் சேருகிற இடத்து மீன்பிடி ஊர். கடல் வருஷா வருஷம் ஏறி வந்தது. முதலில் வலை காயப்போடும் மணல் போயிற்று. அடுத்து ஏலக்கூடம். போன ஐப்பசியில் கீழத்தெருவின் கடைசி வரிசை வீடுகளுக்குள் மீன் துள்ளியது; அதைப் பிடித்துக் குழம்பு வைத்தவர்களும் உண்டு, அழுதுகொண்டே வைத்தார்கள். ஊரைச் சுற்றி உயரமாகச் சுவர் எழுப்பித் தருகிறோம் என்று கரைக்காப்புத் திட்டக்காரர்கள் வந்தார்கள். ஆனால் முழுக்க அடைத்துவிட்டால் ஆற்றில் வருகிற வெள்ளம் ஊருக்குள்ளேயே நின்றுவிடும். அது வடிய ஒரு வாய் விட்டாக வேண்டும். வாய் விடுகிற இடத்தில் ஒரு தெருவைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். அந்தத் தெருக்காரர்களுக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளி, கடல் வாடையே அடிக்காத இடத்தில், அடுக்குமாடி வீடு.

மீன் விற்கிறவளைக் கொண்டுபோய் அங்கே நாலாவது மாடியில் வைத்தால் அவள் எதை விற்பாள்? அவள் புருஷன் ஜன்னலில் வலை வீசுவானா? அந்தத் தெருவுக்கு அது சாவுச் செய்தி. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

எந்தத் தெரு என்பதை அதிகாரிகளே முடிவு செய்யப் பார்த்தார்கள். மங்கையர்க்கரசி, ஊருக்கு அரசி அக்கா, விடவில்லை. "எங்களைக் கேக்காம எங்க ஊருக்குத் திட்டம் போட நீங்க யாரு?" என்று ரோட்டை மறித்தாள். அவளோடு தோளோடு தோள் நின்றவள் சௌந்தரி. ஆற்றோரத்துச் சாமந்திடல் தெருக்காரி. சாமந்திடல் என்பது ஆற்று நடுவே இருந்த திட்டு. பத்து வருஷத்துக்கு முன் முழுகிப்போனது. தப்பி வந்தவர்கள் வெள்ளாத்துமுனையில் ஆற்றோரம் குடிசை போட்டு, அந்தத் தெருவுக்கும் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். மறியலில் தடியடி நடந்தபோது சௌந்தரி மேல் விழ இருந்த அடியை அரசி தன் தோளில் வாங்கினாள். அன்றிலிருந்து சாமந்திடல் சனத்துக்கு அரசி அக்கா வைத்ததுதான் சட்டம்.

மேலிடம் இறங்கி வந்தது. மக்களைக் கேட்டே செய்கிறோம் என்று ரெஹானாவை அனுப்பியது. ரெஹானா சின்ன வயசு அதிகாரி, வெயிலுக்கு அஞ்சாமல் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகிறவள், யாரையும் "அக்கா", "அண்ணே" என்று கூப்பிட்டுத் தரையில் உட்கார்ந்து பேசுகிறவள். அவள் பையில் உள்ளங்கை அளவுக்குப் பெட்டிகள் இருந்தன. திட்டக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் இல்லக்குரல். ஊர் வைத்த பெயர் காதுப்பெட்டி.

"கூட்டம் போட்டுக் கேட்டாப் போதாதா மேடம்? பெட்டி என்னாத்துக்கு?" என்று கேட்டாள் அரசி. கூட்டம் இல்லாமல் போய்விடுமோ என்ற கவலை அவளுக்கு.

"கூட்டத்துல யாருக்கா பேசுறா? நாலு ஆம்பளைங்க. அப்புறம் நீங்க."

அஞ்சாப்புலி சிரித்தான். அரசி திரும்பிப் பார்த்தாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

"கடலுக்குப் போனவங்க வர முடியாது. கைப்பிள்ளைக்காரி வர முடியாது. வந்தாலும் பெரியவங்க முன்னாடி வாயைத் திறக்க மாட்டாங்க. கூட்டத்துல பேசுறது ஒண்ணு, வீட்டுல பேசுறது ஒண்ணு. வீட்டுல பேசுறதுதான் நிஜம். இந்தப் பெட்டி ஆறு மாசம் உங்க வீட்டுல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கும். உங்க வீட்டு மனசு என்னன்னு கத்துக்கும். அப்புறம் எல்லா வீட்டுக் குரலையும் ஒண்ணா உக்கார வெச்சுப் பேச விடுவோம். நாம ஒரு வருஷம் சண்டை போட்டுத் தீர்க்கிறதை அதுங்க ஒரு மணி நேரத்துல பேசித் தீர்த்துடும்."

"நாங்க வூட்டுல பேசுறத ஆபீசருங்க ஒட்டுக் கேப்பாங்களா?"

"பேச்சு எதுவும் தங்காதுக்கா. மனசு மட்டும்தான் தங்கும். கடைசியில குரல்ங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்டதை மட்டும் ஊர் முன்னாடி போட்டுக் காட்டுவோம். முடிவு எப்படி வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியணும்ல?"

"எங்க வூட்டுல நாலு பேரு இருக்கோம்," என்றான் அஞ்சாப்புலி. "அது யாரு சத்தத்துல பேசும்?"

"வீட்டுல யாரு பேச்சு எடுபடுதோ அவங்க சத்தத்துல."

"சரி, கேட்டது என் தப்பு," என்று அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அரசிக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "நான் சொல்லாதத அது சொல்லிடுச்சுன்னா?"

"மறுக்கலாம். இது என் குரல் இல்லைன்னு சொன்னாப் போதும். அந்தக் குரலை எடுத்துட்டு மத்ததை மறுபடி பேச விடுவோம்."

"சொன்னாப் போதுமா? அப்ப முடிவு புடிக்காதவன் எல்லாம் இல்லம்பான். எங்க ஊருல ஒரு வழக்கம் இருக்கு மேடம். கரைப் பஞ்சாயத்துல ஒருத்தன் இல்லன்னு மறுத்தா, சூடத்தை ஏத்தி உள்ளங்கையால அணைச்சு சத்தியம் பண்ணணும். பொய் சத்தியம் பண்ணவனக் கடலு சும்மா வுடாது. அத உங்க திட்டத்துல சேருங்க. அப்பதான் ஊரு நம்பும்."

ரெஹானாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஊர் வழக்கத்தை மதிக்கிற திட்டம் என்று மேலிடத்தில் சொல்லிக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்? அப்படியே சேர்த்துவிட்டாள்.

பெட்டி வந்த புதிதில் வெள்ளாத்துமுனை ஒரேயடியாக நல்லொழுக்கத்துக்கு மாறிவிட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டை நின்றது. நடுத்தெருவில் ஒரு வாத்தியார் வீட்டில் காப்பி கேட்பதைக்கூட மேடைத் தமிழில் கேட்டார்கள். சித்திரை ஒன்றாம் தேதி அரசி காதுப்பெட்டிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். அந்தக் குங்குமம் உதிர்வதற்குள் எல்லோருக்கும் பெட்டி மறந்துவிட்டது. அரசி வீட்டில் அது புளிப்பானைக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. புகை படிந்து அதன் நிறமே மாறியது. ஆனால் காது மட்டும் திறந்தே இருந்தது.

ஆறு மாதம் முடிந்தது. கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

அன்று அரசி கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அஞ்சாப்புலி, மறுபக்கம் சௌந்தரி. மண்டபத்துச் சுவரில் ஊர்ப்படம் ஒளிர்ந்தது. வீட்டுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. கிழக்கே கடலோரம் கீழத்தெரு. தெற்கே ஆற்றோரம் சாமந்திடல். இரண்டுக்கும் நடுவே இறால் பண்ணைக் குளங்கள் நீலக் கட்டங்களாகக் கிடந்தன. மேட்டில் நடுத்தெருவும் மேலத்தெருவும்.

"பேசுற குரலோட வீடு பளிச்சுன்னு தெரியும்," என்றாள் ரெஹானா. "நானும் இன்னும் கேக்கலை. உங்களோட சேர்ந்துதான் கேக்கப் போறேன். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிவை உறுதி பண்ணணும், இல்லைன்னா இந்தச் சுவரு அடுத்த ஊருக்குப் போயிடும்." 

"எங்க தெருவப் பத்தி எவனாவது வாயத் தொறந்தான்னா," என்று அரசி சௌந்தரியின் காதில் சொன்னாள், "என் குரலு அவன வெச்சு வாங்கும் பாரு."

"உங்க குரலு எங்களுக்கும் சேத்துப் பேசும்க்கா. எனக்குத் தெரியாதா?" என்றாள் சௌந்தரி.

முதலில் மண்டபம் சிரிப்பாய்ச் சிரித்தது. மேலத்தெரு ஐஸ்கடைக்காரர் குரல் தன் வழக்கப்படி இருமிவிட்டுப் பேசியது. வாத்தியார் வீட்டுக் குரல் வாத்தியாருடையதாக இல்லை, அவர் மாமியாருடையதாக இருந்தது. ஆளாளுக்குத் தன் தெருவைக் காப்பாற்றிப் பேசின குரல்கள். எந்தத் தெருவைச் சொன்னாலும் பத்துக் குரல் எதிர்த்தது. பேச்சு நகரவில்லை.

அப்போது கீழத்தெருவில் ஒரு புள்ளி பளிச்சென்றது. அரசி நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க," என்றது அவள் குரல். அதே கணீர், அதே இழுப்பு. "சாமந்திடல் சனம் நல்ல சனம். இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க நேத்து வந்தவங்க. நாம எத்தினி தலைமுறையா இங்க கெடக்கோம்? அவங்க ஒருதரம் எல்லாத்தையும் வுட்டுட்டு வந்தவங்க, அவங்களுக்கு அது பழக்கம். இன்னொருதரம் போறதுக்கு என்னா இருக்கு? மூட்டையக் கட்டுனா ஆச்சு. நம்மளால ஆவுமா? நம்ம சாமி இங்க இருக்கு, நம்ம செத்தவங்க இங்க இருக்காங்க. அந்தத் தெருவ வுட்டுடலாம். அவங்களப் பத்திக் கவலப்படாதீங்க, நான் பேசிச் சரிக்கட்டுறேன். நான் சொன்னாக் கேப்பாங்க."

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

அரசிக்கு முதலில் தோன்றியது, இது சூழ்ச்சி என்று. எவனோ அவள் குரலை எடுத்து விஷம் தடவியிருக்கிறான். எழுந்து கத்த வேண்டும் என்று கால் துடித்தது. கத்துவதற்கு வாய் திறந்தபோது நெஞ்சுக்குள் ஒன்று இடித்தது. அரிவாள்மனையில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் உரித்துக்கொண்டே நாத்தனாரிடம் சொன்னது. அஞ்சாப்புலிக்குச் சோறு போடும்போது சொன்னது. மழை பெய்த ஒரு மத்தியானம், தெரு போய்விடுமோ என்று பயந்தபோது, யாரும் கேட்காமலே தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. வார்த்தை முன்பின் இருக்கலாம். சொன்னது அவள்தான். இப்படி ஒருத்தி தன் வீட்டுக்குள் இத்தனை நாளாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவள் சௌந்தரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அதற்குள் சாமந்திடலில் ஒரு புள்ளி பளிச்சென்றது. சௌந்தரியின் குரல். தயங்கித் தயங்கி வந்தது.

"அரசி அக்கா சொன்னா அதுல ஒரு நியாயம் இருக்கும். எங்களுக்காக அடி வாங்குன மனுசி. அது கெட்டது நெனைக்காது. அக்கா சொன்னபடி ஆவட்டும்."

அவ்வளவுதான். தடை விலகிவிட்டது. கீழத்தெருக் குரல்கள் ஆமாம் போட்டன. நடுத்தெருவும் மேலத்தெருவும் ஆமாம் போட்டன. சாமந்திடல் குரல்களும் ஒவ்வொன்றாக, அக்கா சொன்னா சரி, அக்கா சொன்னா சரி என்று ஒப்புக்கொள்ள, அந்தத் தெருவின் வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசிப் புள்ளி அணைந்தபோது பின்வரிசையில் ஒருத்தி ஓவென்று அழுதாள்.

ரெஹானாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கேட்டாள்: "யாராவது... தங்களோட குரலை மறுக்கிறீங்களா?"

ஒருவரையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் மண்டபமே அரசியைப் பார்த்தது. 

சௌந்தரி மெதுவாகக் கேட்டாள். "அது உன் குரலாக்கா?"

பத்து வருஷத்தில் அவள் அரசியை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கோபத்தில் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை வராதா என்று கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

அஞ்சாப்புலி அரசியின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "சும்மா உக்காரு," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "தெரு தப்பிச்சுடுச்சு. வாயத் தொறக்காத."

தெரு தப்பித்துவிட்டது, உண்மைதான். சும்மா இருந்தால் வீடு நிற்கும், படகு நிற்கும், பிள்ளைகள் கடலோரம் வளரும். அரசிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் எழுந்தாள்.

சௌந்தரிக்காக எழுந்தாள் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி இல்லை. அத்தனை கண்களும் அவளைப் பார்த்த பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. நாளைக் காலை கூடையைத் தூக்கிக்கொண்டு இந்தச் சனத்தின் நடுவே நடக்க வேண்டுமே என்றுதான் நினைத்தாள். 

"அது என் குரலு இல்ல," என்றாள்.

கரைப் பஞ்சாயத்தை நடத்துகிற ஊர் நாட்டார் தட்டில் சூடத்தை வைத்து ஏற்றினார். அரசி முன்னால் வந்தாள். உள்ளங்கையை அப்படியே தீயின் மேல் அமுக்கினாள். 

"சத்தியமா இல்ல."

மண்டபம் பெருமூச்சு விட்டது. சாமந்திடல் பெண்கள் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பெட்டிதான் தப்பு, அக்கா தப்புப் பண்ணுவாளா என்று யாரோ சொன்னார்கள். ரெஹானா கீழத்தெருவில் அந்த ஒரு புள்ளியை அணைத்தாள்.

"அந்தக் குரல் இல்லாம மறுபடி பேசுவாங்க," என்றாள். "கொஞ்ச நேரம் பொறுங்க."

டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசிக்கு இறங்கவில்லை. சௌந்தரி பக்கத்தில்தான் இருந்தாள், அவளும் குடிக்கவில்லை.

ஊர்ப்படம் மறுபடி ஒளிர்ந்தது. இந்தத் தடவை இருமலும் இல்லை, சிரிப்பும் இல்லை. எடுத்த எடுப்பில் சாமந்திடலில்தான் புள்ளி பளிச்சென்றது.

"அக்கா இல்லல்ல?" என்றது சௌந்தரியின் குரல். "அப்ப நான் பேசுறேன்."

தயக்கம் இல்லாத குரல். சௌந்தரி இப்படியும் பேசுவாள் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

"கீழத்தெருவ வுடுங்க. நாங்க ஒருதரம் எல்லாத்தையும் ஆத்துல குடுத்துட்டு வந்தவங்க. ஒருதரம் பட்டவங்களையே மறுபடியும் படச் சொல்றது என்னா நியாயம்? கீழத்தெருக்காரங்களுக்குச் சொந்தபந்தம் இருக்கு, படகு இருக்கு, ஆபீசுக்குப் போய்ப் பேசத் தெரியும். எங்க போட்டாலும் பொழைச்சுக்குவாங்க. எங்களால இன்னொருதரம் ஆவாது. அரசி அக்கா நல்லதுதான். மேடையில எங்களத் தங்கச்சின்னு சொல்லும். அடி வாங்குச்சு, இல்லேங்கல. ஆனா பத்து வருசமா எங்க வூட்டு வாசலோட நிக்கும். உள்ள வாக்கான்னா நேரமாச்சுங்கும். ஒரு வாய்த் தண்ணி குடிக்கான்னா தாகமில்லைங்கும். சித்திர வெயில்ல நடந்து வந்துட்டுத் தாகமில்லன்னா அதுக்கு என்னா அர்த்தம்? எனக்குத் தெரியும். நான் வாயத் தொறந்து கேட்டதில்ல."

அரசி மலைத்துப்போனாள். தண்ணீர்! அப்படி ஒன்று இருப்பதாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. சொம்பை நீட்டும்போதெல்லாம் அவளுக்கு உண்மையாகவே தாகம் அடங்கிப்போயிருந்தது. ஏன் அடங்கியது என்று கேட்டுப் பார்த்ததில்லை. இப்போது கேட்டுப் பார்த்தபோது வந்த பதில் அவளுக்குக் குமட்டியது.

சாமந்திடல் குரல்கள் ஒரே மூச்சில் சேர்ந்துகொண்டன. கீழத்தெருக் குரல்கள் கத்தின. ஆனால் அவற்றுக்கு எடுத்துப் பேச ஆளில்லை. எடுத்துப் பேசுகிற ஒரே குரலைத்தான் அணைத்தாயிற்றே. நடுத்தெருவும் மேலத்தெருவும் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றன. போன தடவையும் சரி என்றவர்கள்தான். எந்தத் தெரு போனாலும் அவர்களுக்குச் சம்மதம், தங்கள் தெருவைத் தவிர. தனித்துப்போன கீழத்தெருக் குரல்கள் ஓய, அந்தத் தெருவின் புள்ளிகள் அணையத் தொடங்கின.

"அவங்க குரல் இருந்தவரைக்கும் இந்தக் குரல் இதையெல்லாம் சொல்லவே இல்லை," என்று ரெஹானா தனக்குள் முணுமுணுத்தாள். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

கீழத்தெருக்காரர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். இது செல்லாது என்றார்கள். ரெஹானா சட்டத்தைச் சொன்னாள்: அவரவர் குரலை அவரவர் மறுக்கலாம், அடுத்தவர் குரலை மறுக்க முடியாது. மறுக்கிறவர்கள் முன்னால் வரலாம். ஒருவரும் வரவில்லை. முதல் தடவை அரசியின் குரலுக்கு ஆமாம் போட்டவை அவர்கள் குரல்கள்தான். அதை இல்லையென்று பொய்ச் சத்தியம் செய்யச் சூடத் தட்டின் முன் போய் நிற்க எவருக்கும் கால் எழவில்லை.

ரெஹானா சௌந்தரி பக்கம் திரும்பினாள். "நீங்க மறுக்கிறீங்களாக்கா?"

சௌந்தரி எழுந்து நின்றாள். அரசி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுத்துவிடு, மறுத்துவிடு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. தான் செய்ததை அவளும் செய்துவிட்டால் போதும். இரண்டு பேரும் பொய் சொன்னவர்களாக, பழையபடி அக்கா தங்கச்சியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

"என் குரலுதான் மேடம்," என்றாள் சௌந்தரி. "எம் மவகிட்ட நான் சொன்னதுதான். அதுல ஒரு வார்த்த பொய்யில்ல."

உட்கார்ந்துவிட்டாள்.

ரெஹானா முடிவை உறுதிசெய்து முத்திரை வைத்தாள். அதற்கு விரலால் ஒரு தொடுதல் போதுமாயிருந்தது. கீழத்தெரு படத்திலிருந்தே மறைந்துபோய், அந்த இடத்தில் சுவரின் வாய் வந்துவிட்டது.

அஞ்சாப்புலி மனைவியைப் பார்த்தான். அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்திப் பழக்கமும் இல்லை. ஆனால் மண்டபம் அப்படி அடங்கிக் கிடந்ததால் கடைசி வரிசை வரை கேட்டது.

"அது உன் குரலுதானே அரசி. எங்கிட்டயே எத்தினி தடவ சொல்லியிருக்க. ஏன் இல்லன்ன?"

யாரோ பழக்கதோஷத்தில் மைக்கை அரசியிடம் நீட்டினார்கள். அவள் அதைத் தள்ளிவிட்டாள். கும்பிட்ட பெண்கள் கையை எப்போது இறக்கினார்கள் என்று தெரியவில்லை. கீழத்தெருக்காரர்கள் சௌந்தரியைத் திட்டவில்லை. அரசியைப் பார்த்தபடியே, ஒருவர் பின் ஒருவராக, அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள். அஞ்சாப்புலியும் போனான்.

மண்டபம் காலியானது. அரசி எழுந்திருக்கவில்லை. சௌந்தரியும் ஏனோ எழுந்திருக்கவில்லை. ரெஹானா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஊர்ப்படத்தை மட்டும் இன்னும் அணைக்கவில்லை.

"ஏண்டி சௌந்தரி," என்றாள் அரசி. "உனக்கு எங்க தெருதானா கெடச்சுது?"

"உங்க தெருவா எங்க தெருவான்னுதானேக்கா கேட்டாங்க?" சௌந்தரி இப்போதுதான் அழத் தொடங்கினாள். "எங்க வூட்டுப் பெட்டிக்கிட்ட வேற என்னாத்தக் கேட்டாங்க? உன் பெட்டிக்கிட்டதான் வேற என்னாத்தக் கேட்டாங்க? இந்தா, ரெண்டு தெருவுக்கும் நடுவுல இம்மாம் பெருசா இறால் பண்ணை கெடக்கு. எவனோ வெளியூருக்காரன் வெச்சிருக்கான். ஒரு ஆளு குடியில்ல, ஒரு அடுப்பு எரியல. தண்ணி வடிய அத வுட்டா ஆவாதா? அதக் கேட்டிருந்தா நீயும் நானும் ஒரே வாயாத்தானே சொல்லியிருப்போம்?"

அரசி படத்தைப் பார்த்தாள். நீலக் கட்டங்கள். இரண்டு தெருவைச் சேர்த்தாலும் அந்த அகலம் வராது. தினமும் அதன் கரையில்தான் கூடையோடு நடக்கிறாள். ஆறு மாதத்தில் ஒருநாளாவது, சண்டையிலோ புலம்பலிலோ, அவள் வாயில் அது வந்ததில்லை.

"மேடம்," என்றாள். "அத இப்பக் கேக்கலாமா?"

ரெஹானாவின் கையில் ஒயர் அப்படியே நின்றது. அவளும் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தால், வெள்ளாத்துமுனைக்கு வந்த நாளிலிருந்து அந்த நீலக் கட்டங்களை அவளும் இப்போதுதான் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"எந்தத் தெருன்னுதான்க்கா எனக்குக் கேள்வி எழுதிக் குடுத்தாங்க," என்றாள். "பண்ணை அந்தக் கேள்வியிலேயே இல்லை."

"இப்பச் சேத்துக் கேளுங்களேன்."

"முத்திரை வெச்சாச்சுக்கா," என்றாள் ரெஹானா.